கருவை நேரில் பார்ப்பது: முதல் பதினான்கு வாரங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்கேன் அறைக்கு வெளியே, தம்பதிகளிடம் பேசி விளக்கம் சொல்லும் வேலை என்னுடையது. சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் கணவரோடும் மாமியாரோடும் வந்தார். முதல் குழந்தை. கையில் இருந்த சீட்டில் ‘என்.டி. ஸ்கேன்’ என்று எழுதியிருந்தது, அதாவது கருவின் பிடரியில் தேங்கும் நீரை அளக்கும் ஸ்கேன். ஊரில் ஒரு கல்யாணம், அப்புறம் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று நாள் தள்ளிப்போய், வந்து சேர்ந்தபோது பதினைந்து வாரம் ஆகிவிட்டது. “ஏம்மா, இப்ப எடுத்தா தெரியாதா?” என்று மாமியார் கேட்டார். குழந்தை தெரிந்தது, நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தச் சீட்டில் எழுதியிருந்ததைப் பார்க்கும் காலம் கடந்திருந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வயிற்றில் இருக்கும் கருவைப் பார்க்க இன்று பல வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வழிக்கும் அதற்கென்று ஒரு வாரம் உண்டு. எந்த வாரத்தில் எதைப் பார்க்க முடியும் என்று தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும், வாய்ப்பும் தவறாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் ‘ஸ்கேன்’ என்று சொல்வது கருவை நேரடியாகப் பார்ப்பது அல்ல. கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் திரும்பி வருகிறதே, அதுபோல ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக வரைகிறார்கள். நம் காதுக்குக் கேட்காத ஒலி அது. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இதில் கிடையாது, எனவே அந்தப் பயம் வேண்டாம். நிஜமாகவே விளக்கொளியில், லென்ஸ் வழியே கருவைக் கண்ணால் பார்க்கும் முறைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு எம்பிரியோஸ்கோப்பி, ஃபீட்டோஸ்கோப்பி என்று பெயர். இணையத்தில் இவற்றைப் படித்துவிட்டு “எங்களுக்கும் இது வேணுமா?” என்று கேட்டு வருபவர்கள் உண்டு. பெரும்பாலும் வேண்டாம். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: வாரக் கணக்கை நேராக்குங்கள்

கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்துதான் டாக்டர்கள் வாரத்தை எண்ணுகிறார்கள். கரு உண்டானது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. ஆகவே ‘எட்டு வாரம்’ என்றால் கருவின் உண்மையான வயது ஆறு வாரம்தான். அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வருபவர்களுக்கும், நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும், பாலூட்டிக்கொண்டிருக்கும்போதே மறுபடி கருத்தரித்தவர்களுக்கும் இந்தக் கணக்கு பிசகலாம். அவர்களுக்கு ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்துதான் வாரத்தை முடிவு செய்ய வேண்டும். தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை அளப்பார்கள், ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல். என்று போட்டிருக்கும். முதல் மூன்று மாதத்தில் எடுத்த இந்த அளவுதான் நம்பகமான தேதி. அப்புறம் ஏழாம் மாதம் எடுக்கும் ஸ்கேன் வேறு தேதி காட்டினால் அதை வைத்துப் பிரசவ நாளை மாற்றக் கூடாது.

படி 2: முதல் ஸ்கேன், ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள்

கரு கருப்பைக்குள்தான் தங்கியிருக்கிறதா, ஒன்றா இரண்டா, இதயம் துடிக்கிறதா என்பதே இந்த ஸ்கேனின் வேலை. இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் உள்வழியாக, அதாவது பிறப்புறுப்பு வழியே மெல்லிய கருவியை வைத்துப் பார்ப்பார்கள். கருவுக்கு மிக அருகில் போவதால் படம் துல்லியமாக வரும். கருவுக்கு இதனால் பாதிப்பு இல்லை. சிறுநீர் கழித்துவிட்டுப் போனால் போதும். தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். துடிப்பு தெரியவில்லை என்று ஒரே ஸ்கேனில் முடிவு கட்டிவிடாதீர்கள். உள்வழி ஸ்கேனில் கரு 7 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் வளர்ந்தும் துடிப்பு இல்லை என்றால்தான் உறுதியாகச் சொல்லலாம் என்பது டாக்டர்கள் பின்பற்றும் வரம்பு. அதற்குக் குறைவாக இருந்தால் ஒரு வாரமோ கூடுதலாகவோ பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். தேதி பத்து நாள் பிசகியிருந்தால்கூட நல்ல கரு ‘வளரவில்லை’ என்று தோன்றிவிடும். அவசர வலியோ ரத்தப்போக்கோ இல்லாதபோது, அந்த ஒரு வாரம் காத்திருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்டு வாங்குங்கள்.

படி 3: குடும்பக் கதையை எழுதி வையுங்கள்

இதைப் பலர் முக்கியமாக நினைப்பதில்லை. ஆனால் எந்த ஸ்கேன், எந்த வாரம், என்ன தேடுவது என்பதையெல்லாம் முடிவு செய்வது இந்தக் கதைதான். ஒரு தாளில் எழுதுங்கள்: முன்பு கரு கலைந்திருக்கிறதா, பிறந்து இறந்த குழந்தை உண்டா, குடும்பத்தில் யாருக்காவது முதுகுத்தண்டுக் குறை, இதயக் குறை, மனவளர்ச்சிக் குறை, தசைநோய், அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய நோய் இருக்கிறதா. நீங்களும் கணவரும் உறவா என்பதையும் மறைக்காதீர்கள். மாமா, அத்தை மகன் என்று கட்டிக்கொள்வது நம் பக்கம் வழக்கம்தான், டாக்டர் அதற்காகத் திட்ட மாட்டார். ஒரே குடும்பத்தில் ஒளிந்திருக்கும் ஒரே குறைபாட்டு மரபணு இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுதல் என்பதால்தான் கேட்கிறார்கள்.

அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய பரம்பரை நோயான தலசீமியாவின் மரபணுக் கூறு உள்ளதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையை இப்போதே செய்துவிடுங்கள். மனைவிக்கு அந்தக் கூறு இருந்தால் கணவருக்கும் பார்க்க வேண்டும். இருவருக்கும் இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. இதைப் பன்னிரண்டு வாரத்துக்குள் தெரிந்துகொண்டால் வழி இருக்கிறது, இருபதில் தெரிந்தால் நெருக்கடி. நீலகிரிப் பழங்குடிக் குடும்பங்களாக இருந்தால், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகைக்கும் பாருங்கள்.

ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்தாதீர்கள். முந்தைய குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை இருந்திருந்தால் வழக்கமான அளவு போதாது, 5 மில்லிகிராம் தருவார்கள். அதைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும்.

படி 4: பதினொன்று முதல் பதினான்கு வாரம், தவறவிடக் கூடாத ஸ்கேன்

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாள் வரை. கருவின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வாரத்தில் போவது நல்லது, ஏதாவது தடங்கல் வந்தாலும் மிச்சம் நாள் இருக்கும்.

இந்த வயதில் எல்லாக் கருவுக்கும் பிடரித் தோலுக்கு அடியில் கொஞ்சம் நீர் தேங்கியிருக்கும். அந்த நீர் இயல்பைவிடத் தடிமனாக இருந்தால் டவுன் சின்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறோ இதயக் குறையோ இருக்க வாய்ப்பு கூடுகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கைப்ரோஸ் நிக்கோலைடிஸ் குழு 1992-இல் இதை வெளியிட்டது. அந்த நீரின் தடிமன்தான் என்.டி. அது 3.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் எந்த வாரமானாலும் அதிகம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பதினான்கு வாரம் கடந்தால் அந்த நீர் தானாக வடியத் தொடங்கிவிடும். முதலில் சொன்ன அந்தப் பெண்ணுக்கு நடந்தது இதுதான்.

அளப்பது நுணுக்கமான வேலை. கரு பக்கவாட்டில் நேராகப் படுத்திருக்க வேண்டும், கழுத்து மடங்கவோ நிமிரவோ கூடாது. மடங்கினால் அளவு குறைத்துக் காட்டும், நிமிர்ந்தால் கூட்டிக் காட்டும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கணக்கு மாறும். அதனால் “பாப்பா திரும்பல, கொஞ்சம் நடந்துட்டு வாங்க” என்று வெளியே அனுப்பினால் கோபப்படாதீர்கள். ஒழுங்காக அளக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டே நிமிடத்தில் முடித்து அனுப்பினால்தான் நான் கவலைப்படுவேன்.

என்.டி. மட்டும்தான் இந்த ஸ்கேன் என்று நினைக்க வேண்டாம். மண்டையோடு முழுதாக மூடியிருக்கிறதா, மூளை இரு பாதியாகப் பிரிந்திருக்கிறதா, மூக்கெலும்பு இருக்கிறதா, வயிற்றுச் சுவர் மூடியதா, இரைப்பையும் சிறுநீர்ப்பையும் தெரிகின்றனவா, இரண்டு கை இரண்டு கால் அசைகின்றனவா என்று தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும். மண்டையோடு உருவாகாத குறை, குடல் பெரிய அளவில் வெளியே வந்திருப்பது, சிறுநீர்ப்பை ஊதிப்போயிருப்பது இவையெல்லாம் இப்போதே தெரியும். ஒரு சந்தேகம் பலருக்கு வரும்: பத்து வாரத்தில் எடுத்த ஸ்கேனில் குடல் தொப்புள்கொடிக்குள் துருத்திக்கொண்டிருந்ததாக எழுதியிருப்பார்கள். அது இயற்கையானது. குடல் வளர இடம் போதாமல் வெளியே போய், பன்னிரண்டு வாரத்துக்குள் உள்ளே திரும்பிவிடும்.

இரட்டைக் குழந்தையாக இருந்தால் இந்த ஸ்கேனுக்கு இன்னொரு மதிப்பு உண்டு. இரண்டுக்கும் நஞ்சு (அதாவது நஞ்சுக்கொடி, பிளசென்டா) ஒன்றா, தனித்தனியா என்று இப்போதுதான் தெளிவாகத் தெரியும். ரிப்போர்ட்டில் அது எழுதப்படவில்லை என்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரே நஞ்சு என்றால் பதினாறாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவைப்படும்.

இதில் தெரியாதவையும் நிறைய. இதயத்தின் பல குறைகள், மூளையின் உள் அமைப்புகள், சிறுநீரகக் கோளாறுகள் பிற்பாடுதான் புலப்படும். எனவே 18 முதல் 20 வாரத்துக்குள் உறுப்புக் குறைகளைத் தேடி எடுக்கும் அனாமலி ஸ்கேனுக்கு இது மாற்று ஆகாது.

இதே நேரத்தில் ‘டபுள் மார்க்கர்’ ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். தாயின் வயது, என்.டி. அளவு, ரத்தத்தில் உள்ள இரண்டு பொருட்களின் அளவு எல்லாம் சேர்த்து 1:250, 1:3000 என்று ஒரு எண் வரும். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வருபவர்கள் அதிகம். 1:250 என்றால், இதே அளவுகள் கொண்ட 250 தாய்மாரில் ஒருவரின் கருவுக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கலாம், 249 பேருக்கு இருக்காது என்று பொருள். ‘ஹை ரிஸ்க்’ என்ற சிவப்பு எழுத்து நோய் இருக்கிறது என்று சொல்லவில்லை, அடுத்த பரிசோதனையை யோசியுங்கள் என்று மட்டும் சொல்கிறது. தாயின் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. பத்து வாரத்திலிருந்தே செய்யலாம். டவுன் சின்ட்ரோமைக் கண்டுபிடிப்பதில் மிகத் துல்லியம். ஆனால் அதுவும் முடிவான தீர்ப்பு அல்ல, கருவின் உறுப்புகளைப் பற்றியும் அது எதுவும் சொல்லாது. அதைச் செய்துவிட்டோம், ஸ்கேன் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள்.

படி 5: சந்தேகம் வந்தால், ஊசிப் பரிசோதனை

உறுதியாகத் தெரிய கருவின் உயிரணுக்கள் வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சிலிருந்து சிறிது திசு எடுப்பது சி.வி.எஸ். பதினைந்து, பதினாறு வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் 15 முதல் 20 மில்லி எடுப்பது ஆம்னியோசென்டெசிஸ். இரண்டிலும் ஸ்கேனில் பார்த்தபடியே வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்துவார்கள். ஊசி கருவின் பக்கம் போகாது. சில நிமிட வேலை. மாதவிலக்கு வலி போல ஒரு இழுப்பு இருக்கும். அன்றே வீட்டுக்குப் போகலாம், ஒன்றிரண்டு நாள் பாரம் தூக்க வேண்டாம்.

கரு கலையும் வாய்ப்பு கைதேர்ந்தவர்களிடம் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து வரை என்று சொல்லலாம். தாயின் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் ஊசிக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி என்னும் தடுப்பு மருந்து போட்டாக வேண்டும். டாக்டர் மறந்தாலும் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். முதல் முடிவு சில நாளில் வரும், முழு குரோமோசோம் முடிவுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.

படி 6: லென்ஸ் வழியே பார்ப்பது யாருக்கு?

இனி அந்த நேரடிப் பார்வை. 1954-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பியோர்ன் வெஸ்டின், கருப்பை வாய் வழியே 10 மில்லிமீட்டர் தடிமனான குழாயைச் செலுத்தி, உயிருள்ள கருவைக் கண்ணால் பார்த்தார். கிளாஸ்கோவில் இயன் டொனால்டு குழு அல்ட்ராசவுண்டு படங்களை வெளியிட்டது 1958-இல்தான். அதாவது எதிரொலிக்கு முன்பே விளக்கொளி உள்ளே போய்விட்டது.

1970-களில் குழாய் மெலிந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர்கள் ஹாபின்ஸும் மஹோனியும் 1974-இல் ஃபீட்டோஸ்கோப் வழியே பார்த்துக்கொண்டே கருவின் ரத்தத்தை எடுத்தார்கள். தலசீமியா, அரிவாள் செல் சோகை போன்றவற்றைப் பிறக்கும் முன் கண்டறிய அன்று அதுதான் வழி. ஆனால் இதில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து கருக்கள் இழக்கப்பட்டன. பிறகு 1978-இல் பனிக்குட நீரின் உயிரணுக்களிலேயே அரிவாள் செல் சோகையை டி.என்.ஏ. மூலம் கண்டுபிடிக்கலாம் என்று விஞ்ஞானி கான் காட்டினார். 1983-இல் பாரிஸில் டாக்டர் டாஃபோஸ், ஸ்கேன் பார்த்தபடி தொப்புள்கொடியிலிருந்து நேராக ரத்தம் எடுத்தார். நோய் கண்டறியக் குழாயை உள்ளே விட வேண்டிய தேவை அத்தோடு வெகுவாகக் குறைந்தது.

எம்பிரியோஸ்கோப்பி இதைவிட முந்திய வாரங்களுக்கானது, பன்னிரண்டு வாரத்துக்கு முன். அந்த வயதில் கருவைச் சுற்றி இரண்டு சவ்வுகள் ஒட்டாமல் இருக்கும், நடுவில் ஒரு இடைவெளி. வெளிச் சவ்வை மட்டும் துளைத்து அந்த இடைவெளியில் குழாயை நிறுத்தினால், கண்ணாடி போன்ற உள்சவ்வின் வழியே முகம், விரல், கால் எல்லாம் தெரியும். ஒன்பது வாரக் கருவின் விரல்களை எண்ணலாம். பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு இரு சவ்வுகளும் ஒட்டிக்கொள்ள, அந்த இடம் மறைந்துவிடும். 1993-இல் டாக்டர் கின்டெரோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மெல்லிய குழாயை வயிற்றின் வழியே செலுத்தி, மெக்கல்-க்ரூபர் என்னும் பரம்பரைக் குறையை முதல் மூன்று மாதத்திலேயே கண்டறிந்தார். கூடுதல் விரல்களும் பின்மண்டைக் குறையும் வரும் நோய் அது. முன்பே அப்படி ஒரு குழந்தையை இழந்த குடும்பத்துக்கு அந்த விடை எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் இன்று உயர்தர உள்வழி ஸ்கேனும் மரபணுச் சோதனையும் அந்த வேலையை ஆபத்து இல்லாமலோ மிகக் குறைந்த ஆபத்திலோ செய்துவிடுகின்றன. எனவே வளர்ந்துகொண்டிருக்கும் நல்ல கருவைச் ‘சும்மா பார்க்க’ யாரும் குழாய் போடுவதில்லை, போடவும் கூடாது.

லென்ஸுக்கு இரண்டு இடம் மிச்சம் இருக்கிறது. ஒன்று, சிகிச்சை. ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையரில் ஒன்றின் ரத்தம் மற்றொன்றுக்குப் பாய்ந்தால், ஃபீட்டோஸ்கோப் வழியே அந்த ரத்தநாளங்களைப் பார்த்து லேசரால் அடைப்பார்கள். வழக்கமாக 16 முதல் 26 வாரத்துக்குள் செய்வது. இரட்டையருக்கு நஞ்சு ஒன்றா என்று எழுதி வாங்கச் சொன்னதன் காரணம் புரிகிறதா?

இரண்டாவது, துடிப்பு நின்றுபோன கரு. கருப்பையைச் சுத்தம் செய்வதற்கு முன், அதே மயக்க மருந்தில் கருப்பை வாய் வழியே சில நிமிடம் எம்பிரியோஸ்கோப் வைத்துப் பார்ப்பார்கள். கருவை இழக்கும் ஆபத்து என்ற கேள்வியே இங்கே இல்லை. வியன்னாவின் ஃபிலிப், வான்கூவரின் கலூசெக் குழு 2003-இல் இப்படி 233 கருக்களைப் பார்த்து வெளியிட்டார்கள். பெரும்பான்மைக்குக் குரோமோசோம் கோளாறு இருந்தது. குரோமோசோம் சரியாக இருந்தும் உருவத்தில் குறை இருந்த கருக்களும் இருந்தன. அவற்றைச் சுரண்டி எடுத்த திசுவில் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. இந்த வசதி சில மையங்களில் மட்டுமே உண்டு. இரண்டு மூன்று முறை கரு கலைந்தவர்கள் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

படி 7: கையெழுத்துப் போடும் முன்

இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கருவின் பாலினத்தைச் சொல்வதும் கேட்பதும் குற்றம். எந்த ஸ்கேனுக்கும் ‘படிவம் எஃப்’ நிரப்புவார்கள். பாலினம் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று நீங்கள் கையெழுத்திட வேண்டும். அடையாள அட்டையும் பழைய ரிப்போர்ட்டுகளும் கொண்டு போங்கள். ஊசி வழியே செய்யும் பரிசோதனைக்குத் தனியாக ‘படிவம் ஜி’ உண்டு. அது உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், ஒரு நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். “எதற்காக இதைச் செய்கிறோம், முடிவு எப்போது வரும், தவறாக வர வாய்ப்பு உண்டா, முடிவு எப்படி வந்தாலும் அடுத்து என்ன?” இந்த நான்கையும் கேளுங்கள்.

படி 8: கெட்ட செய்தி வந்தால்

அன்றே எந்த முடிவும் எடுக்க வேண்டாம். கரு மருத்துவத்தில் தேர்ந்த இன்னொருவரிடம் படங்களைக் காட்டுங்கள். சில குறைகளுக்குப் பிறந்த பின் அறுவை சிகிச்சை உண்டு, குழந்தை மருத்துவரிடமும் பேசிவிட்டு முடிவு செய்யலாம். தொடர முடியாது என்று நீங்கள் தீர்மானித்தால், கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்தின்படி இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும். இருபத்துநான்கு வாரத்துக்கு மேல் கடுமையான குறை இருந்தால் மாநில மருத்துவ வாரியம் முடிவு செய்யும். சீக்கிரம் பார்த்துவிட்டால், யோசிக்கவும் அழவும் தெளியவும் உங்களுக்கு நாள் இருக்கும்.

கரு இழக்க நேர்ந்தால், சுத்தம் செய்யும் முன்பே டாக்டரிடம் சொல்லி வையுங்கள்: திசுவைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அதைத் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போடாமல், சலைன் என்னும் உப்புநீரில் வையுங்கள் என்று. ஃபார்மலினில் போட்டால் உயிரணுக்களை வளர்த்துக் குரோமோசோமைப் பார்க்க முடியாது. அந்தச் சின்ன பாட்டில் தவறிப்போனதால் காரணம் தெரியாமலே அடுத்த கர்ப்பத்தைப் பயத்தோடு சுமந்த பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். முடிவு வந்ததும் எல்லாத் தாள்களையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த முறை நாள் தள்ளிப்போன அந்த வாரமே அந்தக் கோப்போடு வந்துவிடுங்கள்.